பொன்னூசியின் விலை

தெருவில் அவருக்கு டாட்காம் என்றுதான் பெயர். மின்வாரிய அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மனசு மட்டும் இணையத்தில். மற்றவர்கள் மனை வாங்கிப் போடுவதுபோல அவர் இணையதளப் பெயர்களை வாங்கிப் போட்டார். என்றாவது ஒருவன் அந்தப் பெயரில் கடை திறப்பான், தேடி வருவான், கேட்ட விலையைக் கொட்டுவான் என்று நம்பினார். பெயர்கள் இருநூறைத் தொட்டன, ஒருவனும் வரவில்லை. வருஷா வருஷம் புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் தவறாமல் வந்தது.

மனைவி தையல்காரி. முன்னறையில் ஒரு மெஷினோடு தொடங்கியவள், கடைவீதியில் இடம் பிடித்தாள். ‘பொன்னூசி’ என்று பெயர் யோசித்து, முதலில் கணவரிடம்தான் சொன்னாள். மறுநாள் காலை பல்கூடத் தேய்க்காமல் அவர் பொன்னூசி டாட் காமைத் தன் பெயரில் பதிந்தார். நமக்காகத்தான் இவ்வளவு வேகம் என்று அவள் பூரித்துப்போனாள். காபி ஆறுவதற்குள் அவர் அதை இணையப் பெயர்கள் விற்கும் தளத்தில் ஏற்றி, இரண்டு தையல் மெஷின் விலையை எழுதிவிட்டார்.

அவளுக்கு விஷயம் தெரிவதற்குள் கடைக்குப் பலகை மாட்டியாகிவிட்டது. இனிப் பெயரை மாற்ற முடியாது. கேட்டாள், கெஞ்சினாள், ஒருநாள் உப்பில்லாமல் சமைத்தும் பார்த்தாள். மனுஷர் அசையவில்லை.

“பொண்டாட்டிங்கிறதுக்காக சும்மா குடுத்தா, நாளைக்கு மார்க்கெட்ல என்னை எவன் மதிப்பான்?”

சரி, முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். அந்த விற்பனைத் தளத்தில் ஒரு தரகர் இருந்தார். வாங்குபவர் யாரென்று கடைசிவரை வாய் திறக்கமாட்டார், அதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். புது மெஷினுக்கென்று சேர்த்த பணத்தை நம்பி, அவர் மூலம் அரை மெஷின் விலைக்குக் கேட்டு அனுப்பினாள்.

டாட்காமுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏதோ பெரிய வெளிநாட்டு ஊசிக் கம்பெனிதான் என்று அவராகவே தீர்மானித்துக்கொண்டார். உடனே பதில் போடக்கூடாது, ஆசையைக் காட்டிக்கொள்ளக்கூடாது, ஆனால் ஒரு மெஷின் விலை வந்தால் கொடுத்துவிடலாம் என்று தன் தந்திரம் முழுவதையும், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். எதிரிப் படைத்தலைவன் நம் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு ரகசியம் சொன்னால் யாருக்குத்தான் போர் கசக்கும்? அவள் வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

ஒன்றரை மெஷின் விலை வேண்டும் என்று அவர் பேரம் பேசிப் பதில் போட்டார். அவள் வேண்டுமென்றே பேசாமல் இருந்தாள். ஒரு நாள் போயிற்று, பல நாளும் போயிற்று. குளிக்கும்போதுகூட ஈரக்கையோடு போனைத் தடவிப் பார்த்தார் மனிதர். கடைசியில் ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், இத்தனை வருஷமும் வீண்தானா என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அவளுக்கு ஐயோ என்றிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அரை மெஷின் விலைக்கே இறங்கிவிடுவார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அன்று சாயங்காலமே ஒன்றரை மெஷின் விலைக்குச் சம்மதம் அனுப்பினாள்.

பணம் வந்ததும் டாட்காம் தெருவே அதிர நடந்தார். வீட்டுக்குள் நுழைந்தவர், பொன்னூசிக்கடை, பொன்னூசிகள், புதுப்பொன்னூசி என்று இன்னும் பத்துப் பெயர்களை அந்தப் பணத்திலேயே வாங்கிவிட்டதாகச் சொன்னார்.

“அந்த ஏமாளி இதுக்கும் வருவான் பாரு.”

“வரமாட்டா,” என்றாள் அவள். “அந்த ஏமாளி நான்தான்.”

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. ஆனாலும் வியாபாரி அல்லவா, அவர் கேட்டது விலையைப் பற்றித்தான்.

“என் கடைசி விலை உனக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு ஏத்திக் கேட்ட?”

“நீங்க அன்னிக்குச் சாப்பிடாம எந்திரிச்சுட்டீங்க.”