அக்கா வீட்டுச் சிவப்புப் புள்ளி

மின்சார அலுவலகத்தில் எல்லாரும் அவரை ‘நூறு சதவீதம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ‘எட்டாத வீடுகள்’ என்ற பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். மின் கணக்கைத் தானாகவே அலுவலகத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் இல்லாத வீடே இருக்கக் கூடாது என்று மேலிடம் உத்தரவு போட்டதிலிருந்து, “சாப்பிட்டாச்சா சார்?” என்று கேட்டால்கூட “நூறு சதவீதம்” என்றே பதில் சொல்வார்.

மனிதர் வேலையில் சூரர்தான். பாறை உச்சியில் தன்னந்தனியாக நின்ற வீட்டுக்குக் கயிறு கட்டி மீட்டரை ஏற்றினார். ஆற்றுத் திட்டில் இருந்த வீட்டுக்கு, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, மீட்டரைத் தலையில் சுமந்து போனார். அந்த வீடுகள் எல்லாம் அலுவலகச் சுவரில் இருந்த பெரிய திரையில் ஒவ்வொன்றாகப் பச்சைப் புள்ளிகளாயின. ஒரே ஒரு புள்ளி மட்டும் சிவப்பாகவே நின்றது. அலுவலகத்துக்குப் பின்தெருவில் இருக்கும் அவருடைய சொந்த அக்காவின் வீடு அது.

அக்கா தையல் வேலை செய்பவள். பழைய கட்டடம் ஒன்றில், தரைக்குக் கீழே, தடித்த கல்சுவர்களுக்கு நடுவில் குடியிருந்தாள். படி இறங்கினாலே சிக்னல் கிடைக்காமல் செல்போன் உயிரை விட்டுவிடும். புது மீட்டரும் அங்கே மினுக் மினுக்கென்று கண்ணைச் சிமிட்டியதே தவிர, வெளியே ஒரு வார்த்தை அனுப்பவில்லை.

“உன் மீட்டர் ஊமைடா,” என்றாள் அக்கா.

“அது பேசுதுக்கா. சுவர்தான் வெளிய விடமாட்டேங்குது.”

“எதைக் கேட்டாலும் இப்படித்தான். பரீட்சையில பெயிலானப்போ பேனா எழுதலைன்னே.”

ஒரு வழி இருந்தது. மாடி பால்கனியிலிருந்து தெருப்பக்கமாக ஓர் இரும்புக் கம்பத்தை நீட்டி, நுனியில் ஆன்டெனா வைத்துக் கீழே ஒயர் இழுக்க வேண்டும். ஆனால் மாடியில் இருந்தவர் பாட்டு டீச்சர். ஒருமுறை அவர் காயப்போட்ட சிவப்புப் போர்வையின் சாயம் சொட்டி, பால்கனிக்கு நேர் கீழே அக்கா முற்றத்தில் தொங்கவிட்டிருந்த வெள்ளைச் சீருடைகள் மொத்தமும் ரோஜா நிறமாகிவிட்டன. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது.

நூறு சதவீதம் பவ்யமாக மாடி ஏறினார். “டீச்சர், உங்க பால்கனியில சின்னதா ஒரு கம்பி வச்சுக்கலாமா? கீழ் வீட்டுக்கு.”

“கீழ ஒரு வீடு இருக்கா என்ன?” என்றார் டீச்சர்.

கீழே இறங்கினார். “அந்தம்மா முதல்ல மன்னிப்பு கேக்கட்டும்,” என்றாள் அக்கா. மேலே ஏறினார். “சாயம் போனா கடைக்காரனைக் கேக்கணும், என்னைக் கேட்டா?” என்றார் டீச்சர். பாறை உச்சிக்கு ஏறியபோது நோகாத முழங்கால் இந்தப் படிக்கட்டில் விண் விண்ணென்று தெறித்தது. பொறுமையிழந்த மனிதர் பொய்யில் இறங்கினார். டீச்சர் உள்ளுக்குள் ரொம்ப வருத்தப்படுவதாக அக்காவிடம் சொன்னார். அக்கா தினமும் தையலை நிறுத்திவிட்டுப் பாட்டைக் கேட்பதாக டீச்சரிடம் அளந்துவிட்டார்.

டீச்சருக்கு மனசு உருகிவிட்டது. உடனே படி இறங்கி வந்துவிட்டார். “என் பாட்டுல உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?”

அக்கா விழித்தாள். “பாட்டா? இந்த மெஷின் சத்தத்துல எனக்கு இடி விழுந்தாக்கூடக் கேக்காதே. நீங்க வருத்தப்படுறதா தம்பி சொன்னான்...”

“நானா? நான் எதுக்கு வருத்தப்படணும்?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். அன்று அவருக்குக் கிடைத்த அர்ச்சனை கொஞ்சநஞ்சமல்ல. ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் தொடர்ந்தார். திட்டி முடிக்கும்போது இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளே பால்கனியில் கம்பம் ஏறியது. திரை முழுக்கப் பச்சை. நூறு சதவீதத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தச் சாதனையை நேரில் பார்க்க மேலதிகாரி போட்டோகிராபரோடு வந்தார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆன்டெனாவைக் காணோம். கம்பம் நெடுக, அதன் நுனியையும் மூடிக்கொண்டு, ஈரப் போர்வைகள் கனத்துத் தொங்கின. அலுவலகத்திலிருந்து போன் வந்தது: “சார், புள்ளி சிவப்பாயிடுச்சு.”

“என்னம்மா இது?” என்றார் மேலதிகாரி.

“வெயில் அந்தக் கம்பத்துலதான் நல்லா அடிக்குது,” என்றார் பால்கனியிலிருந்து டீச்சர்.

பக்கத்தில் நின்ற அக்கா பெருமையாகச் சொன்னாள்: “நான்தான் அங்க போடச் சொன்னேன். இப்பப் பாருங்க, தெருவுலதான் சொட்டுது. என் முற்றத்துல ஒரு துளி கிடையாது.”

ஒரு துளி மேலதிகாரியின் வழுக்கையில் விழுந்தது. துடைத்துக்கொண்டே யோசித்தார். மேலிடத்துக்கு அவர் ஏற்கெனவே வெற்றி என்று சொல்லியாகிவிட்டது. “மக்கள் இந்தத் திட்டத்தைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள்,” என்று அறிவித்துப் போர்வைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். நூறு சதவீதத்துக்குப் பாராட்டுப் பத்திரமும் கிடைத்தது.

துணி துவைக்காத நாட்களில் அந்த மீட்டர் இன்றும் நன்றாக வேலை செய்கிறது. துவைத்த நாட்களில் பொறுப்பாளரே டார்ச்சோடு கீழே இறங்கி, மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டு போய், அலுவலகத்தில் தன் கையாலேயே புள்ளியைப் பச்சையாக்குகிறார். போனவாரம் அப்படி வந்தவர் நைசாக நழுவப் பார்த்தார்.

“எங்க ஓடுறே? மேல வாடா,” என்றாள் அக்கா பால்கனியிலிருந்து. “டீச்சருக்கு இடுப்பு வலி. போர்வையைப் பிழியணும், அந்த முனையைப் பிடி.”

அவர் ஏறிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.