தீவில் போடாத மாலை

போன மாதம் நானும் சேதுவும் தாய்லாந்துப் பக்கம் ஒரு தீவுக்குப் போய்விட்டு வந்தோம். சேது என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் இதுவரை கொசுத் தொல்லை, கரண்ட் கட், பேட்டையில் என் வெல்டிங் பட்டறைக்கு வருகிறவர்களின் அலப்பறை... இவற்றைத்தான் எழுதியிருக்கிறேன். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்ட வாசகர்களுக்குப் பதில் போட்டதில்லை. கூச்சம்.

சேதுதான் பதில்.

அவர் முக்கூடல்காரர். மனைவி இறந்து பல வருடங்கள். அதற்குப் பிறகுதான் நாங்கள் பழகினோம். இப்போது மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். ஊருக்கு நாங்கள் கூட்டாளிகள்.

அந்தத் தீவில் ஆணும் ஆணும் ஜோடியாகத் திரியலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று போனில் தேடிக் கண்டுபிடித்தது நான்தான். சேதுவைச் சம்மதிக்க வைக்க இரண்டு கோடை ஆனது. என் ஆசை பெரியதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் எங்களை ஜோடியா என்று கேட்க வேண்டும். சேது ஆமாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கடற்கரை முழுக்க வானவில் கொடிகள். எங்கள் வயதுக்காரர்கள் இருவர், வழுக்கையும் தொந்தியுமாக, ஒருவர் முதுகில் ஒருவர் க்ரீம் தடவிக்கொண்டிருந்தார்கள். நாங்கள்? பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி, நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம்.

"கிட்ட வந்து உக்காரும்வே. யாரு நம்மள இங்கன பாக்கப் போறா?" என்றேன்.

"பைய வருதேம்லே. இப்பந்தானே வந்து எறங்கியிருக்கோம்."

சாயங்காலம் கடலோரத்தில் ஒரு பாருக்குப் போனோம். பாட்டு, கலர் லைட்டு. ஜோடியாக வருகிறவர்களுக்கு வாசலில் ஆளுக்கொரு பூமாலை தருகிறார்கள். ஒருவருக்கொருவர் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு அது விளையாட்டு. மாலை மாற்றுவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

மாலை வைத்திருந்த பெண் சிரித்துக்கொண்டே, "கப்பிள்?" என்று கேட்டாள்.

சேது முந்திக்கொண்டார்.

"நோ நோ... பிரதர்."

அவள் மாலைகளை எங்களுக்குப் பின்னால் நின்றவர்களிடம் நீட்டினாள். நாங்கள் உள்ளே போகவில்லை.

ரூமுக்குத் திரும்பி நடக்கும்போது, மகளை நினைத்துப் பயந்துவிட்டீரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

"அவ நெனப்பே வரலலே. எவன் கேட்டாலும் வாயில அதுதான் வருது. நான் என்ன செய்ய?"

பயம் என்றால் தைரியம் சொல்லலாம். பழகிப்போன வாய்க்கு என்ன சொல்வது? இது குற்றமில்லை என்று சட்டம் மாறிவிட்டது என்கிறார்கள். மாறட்டும்... எங்களுக்கு மிச்சமிருக்கும் காலத்தில் இந்த வாய் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. மீதி நாட்களிலும் அதே கடற்கரையில், அதே இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தோம்.

திருநெல்வேலி ஜங்ஷனில் வந்து இறங்கினோம். ரோட்டைக் கடக்கும்போது, வழக்கம்போல சேது என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்களைத் தெரிந்த டீக்கடைக்காரர், "அண்ணாச்சிமாரு ரெண்டு பேரும் எங்க போயிட்டு வாரிய?" என்று விசாரித்தார். சேது நின்று நிதானமாகப் பதில் சொன்னார். என் கையை மட்டும் விடவில்லை.

இங்கே யார் தப்பாக நினைக்கப் போகிறார்கள்... அண்ணன் தம்பிதானே.