வாசலில் தூக்கிய கை

கம்ப்யூட்டர் ஹார்டுவேர் கற்றுக்கொடுக்கிற வேலையில் முதலில் போவது இடுப்பு, அடுத்து போவது பொறுமை. மேஜைக்கு அடியில் குனிந்தே காலம் தள்ளிய சக வாத்தியார்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்! ஆனால் என் வகுப்பு கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில், திண்டுக்கல்லில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நடத்தினேன். வந்தவர்கள் எல்லோரும் வழக்கில் சிக்கி, ஜெயிலில் இருந்துவிட்டு, ஜாமீனில் வெளியே வந்த இளவட்டங்கள். அவர்களைக் கடைகளில் வேலைக்குச் சேர்த்துவிடுவதும் என் பொறுப்புதான். "ஒரு பொம்பளைக்கு இந்த வேலை தேவையா?" என்று கேட்காத ஆள் இல்லை.

சோதனை

முதல் நாள் வகுப்பு முடிந்தது. செல்வம் வாசலில் நின்று, பேன்ட் பைகளை வெளியே இழுத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கினான். வடமதுரைக்காரன். ஊர்த் திருவிழாவில் நடந்த அடிதடியில் உள்ளே போனவன். எனக்கோ பசி. "ஏலே, என்னடா கூத்து இது? வழிய விடு" என்று சத்தம் போட்டேன்.

பார்த்தால், அவன் பின்னால் மற்றவர்களும் பையை இழுத்துவிட்டு வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்தனும் சிரிக்கவில்லை. ஜெயிலில் வாசலுக்கு வாசல் இப்படி நின்று பழகியவர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செல்வம் கையை இறக்காமலே சொன்னான்: "பாத்துருங்க மிஸ். பொறவு எதாச்சும் காணோம்னா எங்க மேலதான் வரும்."

பூட்டு

ஒருநாள் வகுப்பறைச் சாவியைக் காணவில்லை. மாடிப்படியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கீழே டீக்கடைக்காரர் எங்களை அண்ணாந்து பார்த்து, "இம்புட்டுப் பேரு இருக்கீக, ஒரு பூட்டைத் திறக்க ஆளில்லையா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் செல்வம் ரொம்ப மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டான்: "நமக்கு அடிதடி கேஸுண்ணே. பூட்டு நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல."

நிபந்தனை

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த காதர் பாய், செல்வத்தை ஒரு மாதம் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். பிடித்திருந்தால் நிரந்தரம். வீடு வீடாகப் போய் ரிப்பேர் செய்கிற வேலை. வேறெந்தக் கடையும் அவனை வாசற்படி ஏற்றவில்லை. இதுவும் போனால் பழைய சேக்காளிகளோடுதான் திரிய வேண்டும் என்று அவனே சொல்லுவான்.

ஆனால் அந்தக் கை! எத்தனை தடவை திட்டினாலும், வாசலைக் கண்டால் தானாக மேலே போகும். டூல் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடக்கப் பழக்கினேன். பாய் விஷயத்தைப் பளிச்சென்று சொல்லிவிட்டார்: "கேஸு எனக்குத் தெரியும், அது போதும் மிஸ். கஸ்டமருக்குத் தெரிஞ்சுச்சுன்னா நான் வச்சுக்க முடியாது."

ஃபோன்

மாதம் முடிகிற சமயம், என்ன முடிவு என்று கேட்கக் கடைக்குப் போயிருந்தேன். அப்போது ஃபோன் வந்தது. ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் மேரி டீச்சர். அவர் வீட்டுக்குத்தான் செல்வம் போயிருந்தான். வகுப்பெடுத்த குரல், ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்டது. வேலையை முடித்தவன், டூல் பையை மேஜைமேல் கவிழ்த்துக் காட்டிவிட்டு, வாசலில் கையைத் தூக்கி நின்றிருக்கிறான். அடப்பாவி, போச்சுடா என்று நினைத்தேன்.

ஆனால் டீச்சருக்கு ஜெயில் நினைவே வரவில்லை. கடையில் கற்றுக்கொடுத்த பழக்கம் என்று நினைத்துக்கொண்டார். "உழைச்சுச் சாப்பிடுற பிள்ளைய இப்பிடித்தான் சோதனை போட்டு வச்சிருக்கீங்களா பாய்? வெக்கமா இல்ல?" என்று பொரிந்து தள்ளினார். பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவர் மேல் இருந்த பழி தீர்ந்துவிடும், செல்வத்தின் கதையும் முடிந்துவிடும். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தப்புதான் டீச்சர். இனிமே நடக்காது."

கெட்ட பேரு

செத்த நேரத்தில் செல்வம் திரும்பி வந்தான். நாங்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே புரிந்துகொண்டான் போல. "மறந்து தூக்கிட்டேன் பாய். நான் போறேன்" என்றான். டூல் பையைக் கல்லா மேல் வைத்தான். எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்ட, பேன்ட் பையை வெளியே இழுத்தான். கை தானாக மேலே போனது.

பாய் எழுந்து வந்து, மேலே போன கையை மணிக்கட்டில் பிடித்து இறக்கிவிட்டார். கோபமாகத்தான் பேசினார்: "என் கடையில ஒருத்தனையும் நான் சோதிச்சது கெடையாது. உன்னால எனக்குக் கெட்ட பேரு. அது போற வரைக்கும் நீ இந்தக் கடைய விட்டுப் போகக் கூடாது, ஆமா!"

மதர்போர்டு மாற்றுவதை ஆறு மாதத்தில் நாம் கற்றுக்கொடுத்துவிடலாம், கையை இறக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவதுதான், சக வாத்தியார்களே, நம் பாடத்திட்டம் எதிலும் இல்லை.