சம்சுதீன் பாயின் பதினேழு புள்ளிகள்

உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கம்ப்யூட்டர் சென்டரில் நான் வேலை பார்க்கிறேன். ஆதார் நகல் எடுக்க மாதம் இரண்டு முறை சம்சுதீன் பாய் வருவார். அவ்வளவு நகல் எதற்கு என்று நான் கேட்டதில்லை. எடுத்து முடித்த பிறகும் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

ஓடைப்பட்டியில் அவருக்கு மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டம். மனைவி ரஃபியா இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகள் ரிஸ்வானா தோஹாவில் இருக்கிறாள். அம்மாவின் மௌத்துக்கு வந்தவள், அதன் பிறகு வரவில்லை.

போன ஆகஸ்டில் ஒரு நாள், நகலுக்குப் பதில் ஒரு நோட்டோடு வந்தார்.

"ஜான்சி பாப்பா, மக வாறா. ஜனவரி ரெண்டாந் தேதி. ஆறு நாளுதான் லீவு. கொடியில பழமிருக்கும்போது வரணும்னு கல்யாணமாகிப் போனதுலேர்ந்து சொல்றா, ஒருக்கக்கூட அமையல. பேரன் தன் கையால பறிக்கணுமாம். நான் எப்பக் கவாத்து பண்ணா சரியா இருக்கும்?"

கொடியைக் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட நாளிலிருந்துதான் திராட்சைக்குக் கணக்கு. ஏறக்குறைய நூற்றிருபது நாள். குளிர் இருந்தால் தள்ளிப்போகும், வெயில் இருந்தால் முந்தும். ஆறு நாளுக்குள் பிடிக்க வேண்டும் என்றால் 'ஏறக்குறைய' போதாது.

நோட்டில் பதினேழு வெள்ளாமை இருந்தது. மோட்டார் ரூம் கதவில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து, கவாத்து நாளின் விடியற்காலை வெப்பத்தை ஒவ்வொரு முறையும் எழுதியிருந்தார். பக்கத்தில் அறுவடை நாள்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ராயப்பன்பட்டியில் அப்பா யாரிடமாவது பெருமையாகச் சொல்லிவிட்டு, "புள்ளியியல்னா என்னத்தா?" என்று என்னிடம் கேட்பார். என்னால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. அந்தப் படிப்பை ஒருவர் கேட்டு வந்தது அன்றுதான் முதல் தடவை.

எக்செல்லைத் திறந்தேன். முதல் பத்தியில் வெப்பம், இரண்டாவதில் நாட்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்துச் சிதறல் வரைபடம் போட்டதும் பதினேழு புள்ளிகள் திரையில் விழுந்தன. ஒரு புள்ளியில் வலது கிளிக் செய்து போக்குக்கோடு சேர்த்தேன். சமன்பாட்டைக் காட்டு என்ற கட்டத்தையும் டிக் செய்தேன்.

"எல்லாப் புள்ளியிலயும் படலயே கோடு" என்றார்.

"எல்லாத்துக்கும் பக்கமா போகும் பாய். எது மேலயும் படணும்னு இல்ல."

"நம்ம சொந்தக்காரங்க மாதிரி" என்று சிரித்தார்.

168-லிருந்து வெப்பத்தின் இரண்டு மடங்கைக் கழிக்கச் சொன்னது சமன்பாடு. செப்டம்பர் தொடக்கத்தில் அவர் தோட்டத்தில் விடியற்காலை 23 டிகிரி இருக்கும். 122 நாள். ஜனவரி மூன்றிலிருந்து பின்னால் எண்ணினால் செப்டம்பர் மூன்று. புள்ளிகள் கோட்டை ஒட்டியே நின்றன. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. இப்போது யோசித்தால், அந்தக் கர்வம்தான் அடுத்த கேள்வியைக் கேட்கவிடவில்லை.

அச்செடுத்த தாளை அவர் மோட்டார் ரூமில் ஒட்டிவைத்தார். நான்கு மாதம் ஆதார் நகல் எடுக்க வரவில்லை.

ஜனவரி மூன்றாம் தேதி, கோடு போட்ட பெண் என்று என்னையும் கூப்பிட்டார். தோட்டம் முழுக்கக் கொத்துகள் கருத்துத் தொங்கின. வியாபாரியின் வண்டியைப் பிறகு வரச் சொல்லியிருந்தார். ரிஸ்வானா மகனைத் தூக்கிப் பிடித்தாள். பையன் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு, உடனே துப்பினான்.

ரிஸ்வானாவும் ஒன்றைக் கடித்தாள். "அத்தா, புளிக்குதே."

"நல்லாக் கருத்திருச்சே தாயி. வெட்டுற பருவந்தான்."

"வண்டிக்கு வெட்டுற பருவம். போற வழியில உதிரக் கூடாதுன்னு கருத்ததும் வெட்டிருவாக. நாங்க தின்னது அது இல்லத்தா. வண்டி போனப்புறம் இலைக்குள்ள நாலஞ்சு கொத்து மறைஞ்சு கெடக்கும்ல, பத்துப் பன்னெண்டு நாள் விட்டு அம்மா தேடி எடுத்தாரும். அதுதான் இனிக்கும்."

பாய் மகளைப் பார்த்தார். "எனக்கு ஒருக்கக்கூடக் குடுத்ததில்லையே?"

"நீங்க எங்கன இருந்தீக? மறு கவாத்துக்கு ஆள் தேடிப் போயிருப்பீக."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் பக்கத்துக் கொடியின் இலைகளை விலக்கி உள்ளே பார்த்தார். 'அறுவடை நாள்' என்று எழுதியிருந்ததைத் தட்டச்சு செய்தேனே, எதை வைத்து அந்த நாளைக் குறித்தார் என்று கேட்டேனா? பதினேழு முறையும் அவர் குறித்தது வண்டி வந்த நாளை. என் கோடு வண்டியைச் சரியாகச் சொல்லிவிட்டது.

எட்டாம் தேதி ரிஸ்வானா விமானம் ஏறினாள்.

பதினாறாம் தேதி காலையில் பாய் சென்டருக்கு வந்தார். பையிலிருந்து ஒரு கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தின்னு பாப்பா. வண்டி வெட்டிட்டுப் போனப்புறம் இலைக்குள்ள கெடந்தது. தினம் ஒண்ணு கடிச்சுப் பாத்தேன். நேத்துத்தான் இனிச்சது. கவாத்துலேர்ந்து நூத்து முப்பத்திநாலு நாளு."

இனித்தது. "மன்னிச்சிருங்க பாய், நான் கேட்டிருக்கணும்" என்றேன்.

"நானுந்தான் அவளக் கேட்டிருக்கணும்" என்றார். யாரை என்று சொல்லவில்லை. பிறகு, "பழுத்த நாளுக்கு ஒரு கோடு போட்டுத் தா."

புதிய தாளில் 23, 134 என்று அடித்தேன். ஒரு புள்ளி விழுந்தது. போக்குக்கோடு சேர்த்தேன், எதுவும் வரவில்லை.

"ஒத்தப் புள்ளிக்கு வராது பாய். ரெண்டு இருந்தா வரும். ஆனா நம்புறதுக்கு நெறைய வேணும்."

"அடுத்த லீவு மூணு வருசம் கழிச்சுத்தானாம். வருசத்துக்கு ரெண்டு வெள்ளாமைன்னு வையி." விரல் விட்டு எண்ணினார். "வண்டிக்காரன்ட்ட ஒரு வரிசைய விட்டுட்டு வெட்டச் சொல்றேன். பழுக்கிற நாளு தெரியணும்ல."

"அந்த வரிசைப் பழத்த யாரு பாய் திம்பாக?"

"நாந்தான்" என்றார்.

தாளைச் சேமிக்கக் கோப்புக்குப் பெயர் கேட்டது. அவரைக் கேட்டேன். யோசித்துவிட்டு, ரஃபியா என்று போடச் சொன்னார்.