நெல்லோரக் கற்கள்

2024 பிப்ரவரி 3, சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே எழுந்து வாசல் பெருக்கி, பால் காய்ச்சி, இட்லி ஊற்றி, வெள்ளைத் துணிகளைத் தனியாக ஊறவைத்துவிட்டு வழக்கமான பஸ்ஸில் வில்லியனூருக்கு வேலைக்குப் போனேன். அங்கே ஒரு மருந்துக் கடையில் பல வருடங்களாக இருக்கிறேன். மாத்திரைப் பெட்டிகளின் பெயர் வெளியே தெரிய வேண்டும், விளிம்புகள் ஒரே நேராக நிற்க வேண்டும் என்பதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் ஊர் பாகூருக்குத் திரும்பிவிட்டேன்.

அன்று சாயங்காலத்துக்குள் ஒரு புகைப்படம் எடுத்தாக வேண்டும். மகள் முதல் வருடச் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த காமிரா அலமாரியில் சும்மா கிடப்பது பொறுக்காமல், நாற்பத்தேழு வயதில் பாண்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்திருந்தேன். கடைசிப் பயிற்சிக்குத் தலைப்பு ‘கோடு’. வில்லியனூர் ஸ்டேஷன் தண்டவாளத்தை எடுத்துக் கொடுத்தேன், திரும்பி வந்தது. மணப்பட்டு கரையில் வரிசையாக நின்ற படகுகளைக் கொடுத்தேன், அதுவும் திரும்பி வந்தது.

“கோடு இருக்கு மேடம். ஆனா கண்ணு அது மேலயே போய் எங்க நிக்கணும்? எல்லாம் அடுக்கி வெச்ச மாதிரியே இருக்கு” என்றார் வாத்தியார். அவருக்கு என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். அடுக்கி வைத்தால் என்ன குற்றம் என்று கேட்கத் தோன்றியது. அந்தச் சனிக்கு மறுநாள் ஞாயிறுதான் கடைசி நாள். அன்றும் தேறவில்லை என்றால் அடுத்து சேரும் பிள்ளைகளோடு முதலிலிருந்து உட்கார வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் தார் ரோட்டில் பாதி அகலத்துக்கு எங்கள் நெல்தான் காய்ந்துகொண்டிருந்தது. என் கொழுந்தனாரின் மனைவி காலை இழுத்து இழுத்து நடந்து அதைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நீளப் பள்ளம் விழுந்தது. மேற்கே இறங்கிய வெயிலில் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் நிரம்பி, அத்தனை கோடும் ஒன்றாகச் சேர்ந்து ரோடு திரும்பும் வளைவை நோக்கி ஓடியது. பக்கத்தில் பாதி கட்டி நிற்கும் மாடி வீட்டில், கைப்பிடியில்லாத படியில் காமிராவோடு ஏறி மேலே போய் நின்றேன். படம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இனி அழுத்த வேண்டியதுதான்.

“அய்யய்யோ, யக்கா! நைட்டியில இருக்கறன், இருங்க!” என்று கத்திவிட்டு அவள் வீட்டுக்குள் ஓடினாள்.

“நீ இருந்தா போதும்டி, நைட்டி தெரியாது!”

யார் கேட்டது? அவள் திரும்பி வரும்போது புதுப் புடவை, தலையில் பூ. வெயில் அதற்குள் ஒரு முழம் இறங்கியிருந்தது. வந்தவள் நெல்லைக் கிளறாமல் என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தபடி நின்றாள்.

“என்னப் பாக்காத. கீழப் பாத்து நட.”

“மூஞ்சி தெரியாம இன்னா போட்டோ யக்கா அது?”

அப்போது மொபெட்டில் வந்த ஒருவர் நெல்லுக்கு எதிர்ப்பக்கம் ரோட்டோரத்தில் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்து மேலே பார்த்தார். “இன்னாம்மா, ரோட்டை அளக்குறீங்களா? அகலம் பண்றாங்களா? எங்க வூடு போவுமா?” இல்லை, நெல்லைப் படம் எடுக்கிறேன் என்றேன். “நெல்லையா?” என்று என் கொழுந்தனார் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆனால் போகவில்லை. என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவதென்று முடிவு செய்துவிட்டார்.

எப்படியோ அவளை நடக்க வைத்து, காமிராவைக் கண்ணில் வைத்தேன். இப்போது கற்கள். வண்டிகள் நெல்மேல் ஏறாமலிருக்க ரோட்டின் நடுப்பக்கமாகக் கல் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் ஓர் ஒழுங்கு வேண்டாமா? இரண்டு செங்கல், ஒரு உடைந்த ஆட்டுக்கல், முள் கிளை, கவிழ்த்த வாளி, கடைசியில் யாருடையதென்றே தெரியாத ஒற்றைச் செருப்பு. அவ்வளவு அழகாக ஓடுகிற கோட்டுக்குப் பக்கத்தில் பல் விழுந்த வாய் மாதிரி.

“சே, இந்தக் கல்லுங்கதான் கண்ண உறுத்துது” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. டீ எடுத்துக்கொண்டு வந்த என் கணவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கி எதிர்ச் சுவரோரம் போட ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை என்பது உண்மை. கோடு சுத்தமாகிக்கொண்டே வந்தது. அவர் வாளியை எடுத்து நகர்ந்ததும் மூன்று தடவை அழுத்தினேன்.

மூன்றாவது தடவை அழுத்திய கையை எடுப்பதற்குள் கரும்பு டிராக்டர் வந்துவிட்டது. இரண்டு டிரெய்லர், தலைக்கு மேல் கரும்பு. ஒரு பக்கம் மொபெட், மறுபக்கம் நெல். டிரைவர் மொபெட்டை விட்டு ஒதுங்கி நெல்மேல் ஏறினான். என் கொழுந்தனார் மனைவி புதுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிக் குதித்தாள். நாங்கள் போட்ட கூச்சலில் அவன் நிறுத்தும்போது இரண்டாவது டிரெய்லரும் நெல்லைக் கடந்திருந்தது.

“கண்ணு தெரியலயாடா?” என்றார் என் கணவர்.

“கல்லு எங்கண்ணா? கல்ல எடுத்துட்டா அள்ளப் போறாங்கன்னுதான அர்த்தம்? ஓரத்துல கெடக்கறது கூட்டிவுட்ட மிச்சம்னு நெனச்சிக்கினேன். நெல்லு காயுதுன்னா கல்லு வெக்க மாட்டீங்களா?”

அவன் சொன்னது சரி. இந்த ஊரில் நெல் அள்ளும்போது முதலில் எடுப்பது கல்லைத்தான். அது எனக்கும் தெரியும், என் கணவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டிராக்டர் போன பிறகு நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன், இருவரும் ரோட்டில் நின்று சண்டை போட்டோம்.

“நீதான எடுக்கச் சொன்ன?”

“உறுத்துதுன்னு சொன்னேன். எடுங்கன்னு சொன்னனா?”

“உறுத்துதுன்னா வேற இன்னா அர்த்தம்? கொஞ்சி வைக்கவா சொன்ன?”

“அத வுடுங்க மாமா” என்றாள் கொழுந்தனார் மனைவி. “யக்கா, நான் வந்துக்கிறனா இல்லியா?”

மொபெட்காரர் அப்போதுதான் வண்டியை எடுத்தார். போகும்போது, “நல்லா வந்துச்சாம்மா?” என்று வேறு கேட்டார்.

டயர் ஏறின இடத்தில் நெல் நொறுங்கி அரிசி தெரிந்தது. மீதியில் கரும்பின் காய்ந்த இலைச் சோகையும் மண்ணும். இருட்டும்வரை மூன்று பேரும் குனிந்து சோகையைப் பொறுக்கினோம். குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். இன்னொரு நாள் காயவைத்துத் தூற்றினால்தான் மூட்டை பிடிக்க முடியும்.

ராத்திரிச் சாப்பாடானதும் காமிராவை மகளின் பழைய லேப்டாப்பில் மாட்டினேன். முதல் படத்தில் ஓரத்தில் என் கணவரின் முழங்கையும் வாளியும். இரண்டாவதில் அவள் மறுபடியும் திரும்பிச் சிரிக்கிறாள். மூன்றாவதில் அவள் குனிந்து நடக்கிறாள், கோடுகள் ஒன்றுகூடப் பிசகாமல் வளைவு வரைக்கும் போகின்றன. இதுதான் நான் கேட்ட படம். கோட்டைப் பிடித்துக்கொண்டே கண்ணை ஓட்டினேன். வளைவில், புளியமரத்துக்குக் கீழே, டிராக்டரின் சிவப்பு முகம் வந்து நின்றது.

எடுக்கும்போது நான் அதைப் பார்க்கவே இல்லை.

பின்னால் நின்ற என் கணவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். “வண்டி வர்றது இவ்ளோ தெளிவாத் தெரியுதே. ஒரு சத்தம் குடுத்திருக்கலாம் இல்ல?”

அதுதான் அன்று முழுவதிலும் பெரிய எரிச்சல். இத்தனை வாரமாக நேர்கோடு தேடினேன், அது கிடைத்து, கண் நிற்க ஓர் இடமும் கிடைத்து, அது எங்கள் நெல்லை மிதிக்க வந்த டிராக்டராக இருக்கிறது. வேறு படம் எடுக்கவும் வழியில்லை. பென்டிரைவில் ஏற்றிக் கைப்பையில் போட்டேன். வாத்தியார் கேட்டால் கண் எங்கே நிற்கிறது என்று விரல் வைத்தே காட்டலாம். அதற்கு ஆன செலவை அவரிடம் சொல்லப் போவதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, பால்கூட வாங்காமல், தார்ப்பாயைப் பிரிப்பதற்கும் முன்னால், சுவரோரம் கிடந்த கற்களைத் தூக்கி வந்தேன். பல் துலக்கும் குச்சியோடு வெளியே வந்த என் கணவர், “இது போட்டோவுக்கா, நெல்லுக்கா?” என்றார். வளைவுப் பக்கம் ஆட்டுக்கல், அடுத்து செங்கல், அடுத்து வாளி என்று ஒரே இடைவெளி விட்டு, ஒரே நேராக வைத்தேன்.