கவர்னருக்குப் பிறகு நீதிபதி

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய லின்ஃபீல்டில் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு ஓர் அமெரிக்கக் கவர்னர் தினமும் வந்தார். மனிதர் செத்து நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஆனாலும் என் பருப்புக்கறி ஆறும்வரை எழும்பமாட்டார். அவரைக் கூட்டிவந்தது என் அண்ணா.

அண்ணா இலங்கையில் நீதவானாக இருந்தவர். அவர் கோர்ட்டுக்குள் நுழைந்தால் ஃபேன்கூட நின்றுவிடும் என்று ஊரில் சொல்வார்கள். கரண்ட் போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். சண்டை துரத்தி எங்களிடம் வந்து சேர்ந்தவர், தன் தகுதிக்கு இங்கே வேலை இல்லை என்று கண்டதும் வீட்டைவிட்டு வெளியே போவதையே நிறுத்திவிட்டார். இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பார். அந்தக் கதிரையிலேயே ஒருநாள் செத்துப்போவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

இரண்டு வீடு தள்ளி ஓர் அமெரிக்க விதவை இருந்தா. ஓய்வுபெற்ற ரீச்சர். அமெரிக்கா இங்கிலாந்திடமிருந்து பிய்த்துக்கொண்ட புதிதில் ஒரு மாநிலத்துக்குக் கவர்னராக இருந்தவர் அவவுடைய வம்சத்தில் பூட்டனுக்கும் முந்தியவராம். அண்ணா நீதவான் என்று கேள்விப்பட்டதும் அந்த மனிதரின் வாழ்க்கை வரலாற்றைக் கொண்டுவந்து கொடுத்தா. தலையணைத் தடிப்பில் ஒரு புத்தகம். அன்றைக்குப் பிடித்தது சனி. பால் முடிந்துவிட்டது என்று நான் சொன்னால், கவர்னர் பதவியேற்றபோது மாநிலக் கஜானாவே காலியாக இருந்தது என்பார் அண்ணா. பால் வாங்க, டெய்ரி என்கிற மூலைக்கடைக்கு நான்தான் ஓடவேண்டும்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் அண்ணா புத்தகத்தைப் படாரென்று மூடினார். கவர்னர் பதவி முடிந்த பிறகு அந்த மனிதர் ஒரு சின்ன மாவட்டத்துக்கு நீதிபதியாகப் போய்விட்டாராம். குதிரையில் ஊர் ஊராக அலைந்து வேலிச் சண்டையும் மாட்டுச் சண்டையும் விசாரித்தாராம்.

"ஆரோ குழி பறிச்சிருக்கினம். இல்லாட்டி ஏன் கீழ இறங்கிறார்?"

"அந்தாளுக்கு அந்த வேலை பிடிச்சிருக்கும்" என்றார் என் கணவர்.

"உமக்கு உத்தியோகம் எண்டா என்னெண்டு தெரியாது."

என் கணவர் கொழும்பில் என்ஜினியர், இங்கே பஸ் ஓட்டினார். அவர் தயிரை ஊற்றிக்கொண்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தனைக்கும் அதே வாரம் அண்ணாவுக்கு ஒரு வேலை பார்த்து, விண்ணப்பமும் போட்டு வைத்தவர் அவர்தான். நகரத்துக் கோர்ட்டில் கவுண்டர் வேலை. வருகிறவர்களின் பத்திரங்களை வாங்கி முத்திரை குத்துவது. திங்கட்கிழமை நேர்முகம்.

"எனக்கு முன்னால கைகட்டி நிண்டவன்ர வேலை அது" என்றார் அண்ணா.

"அப்ப ஹீட்டருக்குக் காவல் இருங்கோ" என்றேன். அதோடு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இடையில் சனிக்கிழமை வந்தது. பக்கத்துப் பகுதியான புளொக்ஹவுஸ் பேயில் வயதானவர்களின் சங்கத்தில் கவர்னரைப் பற்றிப் பேச அந்த விதவை அண்ணாவைக் கேட்டிருந்தா. மேடையும் மைக்கும் என்றதும் மனிதர் வெளியே வந்துவிட்டார், நாப்தலின் மணக்கும் கோட்-சூட்டோடு. நன்றாகத்தான் பேசினார். ஆனால் கவர்னர் பதவி முடிந்த இடத்தில், "பின்னர் அவர் பெரும்புகழோடு காலமானார்" என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டார். நீதிபதியாக இருந்த மிச்ச ஆயுளை அப்படியே விழுங்கிவிட்டார். எங்கள் ஆட்கள் மரண அறிவித்தலில் பெரிய பதவியை மட்டும் போட்டு மற்றதை மறைப்பார்களே, அந்த மரியாதையை வெள்ளைக்காரனுக்கும் செய்திருக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விதவை கையைத் தூக்கினா. அவர் அப்போது சாகவில்லை என்று பணிவாகச் சொன்னா. திரும்பவும் கவர்னராக வரச்சொல்லிக் கேட்டபோது மாட்டேன் என்றவராம். அவர்கள் குடும்பத்தில் இன்றைக்கும் அவரை யாரும் கவர்னர் என்று சொல்வதில்லை, நீதிபதி என்றுதான் சொல்வார்களாம். சோளத்தைத் தின்ற மாட்டின் வழக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம்.

அண்ணா மைக்கைப் பிடித்தபடி நின்றார். முகம் கறுத்துவிட்டது. ஐயோ, இனி இவர் கதிரையை விட்டே எழும்பமாட்டார் என்று நினைத்தேன்.

அவரோ, அந்த வழக்கில் தீர்ப்பு என்ன என்று கேட்டார்.

மாட்டுக்காரன் வேலியைக் கட்டித்தரவேண்டும், சோளக்காரனுக்கு ஒரு மாதம் பாலும் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பாம்.

அண்ணா கண்ணை மூடி யோசித்தார். "சரியான தீர்ப்பு" என்றார். கிழடுகள் எல்லாம் கைதட்டின.

திங்கள் விடிய, அயன்பொக்ஸ் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கையில் கொடுத்தேன். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். என் கணவர் ஓட்டிய பஸ்ஸிலேயே நகரத்துக்குப் போனார்.

அன்றிரவு சோறு போடும்போது, என்ன கேட்டார்கள் என்று மெதுவாக விசாரித்தேன்.

"ஒரு சின்னப் பெட்டை. நீதவானா இருந்திட்டுக் கவுண்டர்ல நிக்கிறது கஷ்டமா இருக்காதோ எண்டு கேட்டது."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம், கஷ்டமாத்தான் இருக்கும் எண்டன்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வீட்டில இருக்கிறது அதைவிடக் கஷ்டமா இருக்கு பிள்ளை எண்டும் சொன்னன்."

என் கணவர் கறிச் சட்டியை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.