இராமையாவின் மாதிரி வயல்

இராமையா எந்த உரத்தையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்க்காமல் வயலில் போடமாட்டார். யூரியா என்றால் நாக்கு குளிர வேண்டும். அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்துவிட்டு, அவர் ஊரான கெலிஓயாவுக்குச் சேதனப் பசளை என்ற இயற்கை உர மூட்டைகளை அனுப்பிய போகத்தில் அதையும் ஒரு சிட்டிகை ருசி பார்த்தார்.

"உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. நோயாளிக்கு வச்ச கஞ்சி. இதத் தின்னுட்டு நெல்லு எந்திரிச்சு நிக்குமா?" என்று பக்கத்து வயல் வேலாயியிடம் சொல்லித் துப்பினார்.

தோட்டத்தில் தேயிலைக்கு உரம் வீசியே ஓய்வுபெற்ற மனுசன். அரை ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்த பிறகும் நெற்பயிரைக் 'கொழுந்து' என்றுதான் சொல்வார். இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் ஒரு நீளக் கால்சட்டையும் உண்டு. கேட்டால், "ரத்தம் குடிக்கிற அட்டைக்கு ரெண்டு வாசல் வைக்கணும்ல" என்பார்.

அந்தப் போகம் சுற்றுவட்டார வயல்களெல்லாம் வெளிறிப்போய்க் கிடந்தன. வழக்கமாக இருபது புசல் நெல் காணும் வேலாயிக்கு ஐந்து தேறுவதே சந்தேகம். இராமையாவின் வயல் மட்டும் கருகருவென்று நின்றது. தடைக்கு முன்பே வாங்கிய யூரியா அவர் கட்டிலுக்கடியில் இருந்தது ஒருவருக்கும் தெரியாது.

மேலிடத்துக்குக் காட்ட ஒரு பச்சை வயல் கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்த விவசாய உத்தியோகத்தர் தியாகராஜா வாயைப் பிளந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "என்ன பசளை போட்டனீங்கள் ஐயா?"

"நீங்க குடுத்ததுதாங்க. கூடக் கொஞ்சம் மாட்டு மூத்திரம்."

மறுநாளே 'மாதிரி வயல்' என்று பலகை நட்டாயிற்று. பார்க்க வந்த விவசாயிகளுக்கு இராமையா கூச்சநாச்சமில்லாமல் பாடம் நடத்தினார். மூத்திரத்தின் அளவு மட்டும் தடவைக்குத் தடவை மாறியது.

வேலாயி அதை அப்படியே நம்பினாள். மாடில்லாதவள், வாளியோடு ஊரெல்லாம் அலைந்து சேர்த்து ஊற்றினாள். பயிர் தேறவில்லை.

"கதிர் கட்டுற நேரம்ணே. இது போச்சுன்னா வருசச் சோறு போச்சு. நான் எதுல தப்புப் பண்ணேன்?"

இராமையாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மிச்சமிருந்த யூரியாவோ அவர் வயலின் கடைசி உரத்துக்கு வைத்தது.

அடுத்த பாடத்தன்று சேதனப் பசளைச் சாக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இருந்தது முழுக்க யூரியா. கட்டிலடியில் ஒரு பிடிகூட மிச்சம் வைக்கவில்லை.

"மாதிரி வயல் பசளைங்கய்யா. இந்தத் தங்கச்சிக்குக் குடுக்கலாம்னு..."

தியாகராஜா நெகிழ்ந்துபோனார். "ஓம், ஓம்! நில்லுங்கோ, ஒரு படம் எடுப்பம்" என்று தானே ஒரு முனையைப் பிடித்துச் சாக்கை வேலாயியின் தலையில் ஏற்றிவிட்டார். சாக்கின் ஓட்டை வழியே அவர் தோளில் வெள்ளை வெள்ளையாக நாலு குருணை விழுந்தது.

"அசையாதீங்கய்யா" என்றார் இராமையா. துண்டை எடுத்து, படத்துக்கு முன் அந்தத் தோளைப் பவ்வியமாகத் தட்டிவிட்டார்.